மரக்குதிரையின் போர்வை

"மாமா, குதிரைக்குக் கை இல்லையே. கழுத்திலை ஏதும் கடிச்சா அது ஆரைக் கூப்பிடும்?"

உரும்பிராயில் ஒரு சாமத்திய வீட்டில், வயதுக்கு வந்த அக்காவை ஏற்றிவந்த குதிரை வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி அது. ஆறு வயது இருக்கும். கையில் ஐஸ்கிறீம் உருகி முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது.

அருள்நேசன் சிரித்தான். "ஏன் பிள்ளை, வால் இருக்கெல்லோ? வாலாலை விசுக்கிப் போடும்."

பிள்ளை குதிரையைத் தலை தொடக்கம் வால்வரை ஒருமுறை அளந்து பார்த்தது. "வால் அங்காலை இருக்கு. கழுத்து இஞ்சாலை இருக்கு. எட்டாதே."

அதற்குள் படம் எடுக்க வரச் சொல்லித் தாய் கூப்பிட, பிள்ளை ஓடிவிட்டது. அருள்நேசன் சும்மா ஒரு கையைக் குதிரையின் பிடரிக்குள் விட்டான். மினுங்கல் குஞ்சங்களுக்கும் கடதாசிப் பூக்களுக்கும் கீழே ஏதோ சொரசொரத்தது. கையை எடுத்துப் பார்த்தான். விரல் நுனிகளில் இரத்தம் கலந்த நீர்.

அருள்நேசன் கொழும்புத்துறைக்காரன். நாற்பத்தெட்டு வயது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான். நல்ல நாட்களில் ஊர்வலம் போக ஒரு குதிரையும் வெள்ளை நிறம் அடித்த ஒரு வண்டியும். சாமத்தியப்பட்ட பிள்ளை மண்டபத்து வாசலில் குதிரை வண்டியில் வந்து இறங்கவேண்டும் என்பது இப்போது யாழ்ப்பாணத்தில் பலருக்கு ஆசையாகிவிட்டது. சிலர் ஹெலிகொப்டரே தேடுகிறார்கள். அவ்வளவு உயரத்துக்குப் போக மனமில்லாதவர்கள் அருள்நேசனைத் தேடி வந்தார்கள்.

குதிரைக்குப் பெயர் பிறின்சஸ். மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த வெள்ளைப் பெண்குதிரை. கொழும்புத்துறையில் அந்தப் பெயர் இரண்டாம் நாளே பிறின்சி ஆகிவிட்டது. வான் ஹோர்ன் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டதும் அது கொட்டிலுக்குள் நின்று கனைக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கனைப்பை அருள்நேசனும் அவன் மனைவி நிமலினியும் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சோடனைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதுதான் முழுவதும் தெரிந்தது. பிடரி மயிர் அடியோடு தேய்ந்து திட்டுத் திட்டாய் வெளித்திருந்தது. வாலடியிலும் அப்படியே. வயிற்றுக்குக் கீழே வரிசையாகப் பொருக்குகள். குஞ்சத்தையும் பூவையும் கட்டியவன் அவன்தான். கட்டியபோது கீழே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் விலக்கிப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்டபிறகே பார்த்தான்.

"மாரி முழுக்க மதிலிலை உரஞ்சிக்கொண்டு நிண்டது" என்றாள் நிமலினி. "நான் சொன்னனான். நீங்கள்தான் அது விளையாட்டெண்டியள்."

ஊரில் தெருநாய்க்குச் சொறி வந்தால் என்ன செய்வார்கள்? கராஜில் கழித்துவிட்ட ஒயிலை வாங்கிப் பூசுவார்கள். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். யாரும் அதைப் பிழையென்று சொல்லி அவன் கேட்டதில்லை. அருள்நேசன் ஒரு போத்தலில் கறுத்த ஒயில் வாங்கிவந்து, பிடரியிலும் வாலடியிலும் தன் கையாலேயே நிறையப் பூசினான். இரண்டு நாள் பிறின்சி உரஞ்சவில்லை. அவன் ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபம்கூடச் செய்தான். மூன்றாம் நாள் தை மாத வெயில் கொஞ்சம் சுள்ளென்று எறிக்க, ஒயில் பூசிய இடமெல்லாம் கொப்பளித்து வெந்தது.

அதற்குப் பிறகே அவன் மிருக வைத்தியரைக் கூப்பிட்டான்.

டொக்டர் கோபிகா ஸ்கூட்டியில் வந்தாள். இளம் வயது. மாடும் ஆடும் பார்த்தே களைத்துப்போன முகம். குதிரையைக் கண்டதும் அந்த முகத்தில் பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

"நான் உண்மையைச் சொல்லுறன், அண்ணை. கம்பசிலை படிக்கேக்கை ரெண்டு குதிரைதான் தொட்டுப் பாத்தனான். அதிலை ஒண்டு என்னைக் கடிச்சது."

"இது கடிக்காது, டொக்டர்."

"அதையும் உப்பிடித்தான் சொன்னவை." அவள் மெல்லக் கிட்டப் போய், பிறின்சி மணந்து பார்க்கட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பிடரியைத் தொட்டாள். "என்ன பூசினனீங்கள்?"

"ஒண்டும் பூசேல்லை."

அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "ஒண்டும் பூசாட்டி ஏன் கராஜ் மணக்குது?"

குசினி வாசலில் நின்ற நிமலினியின் குரல் வந்தது. "சொல்லுங்கோவன்! ஞாயிற்றுக்கிழமையிலை முன்வாங்கிலை இருந்து பாட்டுப் படிக்கிற ஆள்."

அருள்நேசனின் காது சிவந்துவிட்டது. "கழிவு ஒயில், டொக்டர். நாய்க்குப் பூசுறவை எண்டு..."

"அது நாய்க்கும் கூடாது, அண்ணை. தோலுக்குள்ளாலை உடம்புக்குள்ளை போகும். அது பாவம், வாய் திறந்து சொல்லவும் மாட்டுது." அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அவள் தன்னைப் படிப்பித்த பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்து, படங்களை அனுப்பி, அரைமணி நேரம் கதைத்தாள். பிறகு கொட்டில் வாசலில் கவிழ்த்த வாளியின்மேல் இருந்துகொண்டு விளங்கப்படுத்தினாள்.

"சொறியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. ஒரு சின்னக் கொசு. நுளம்பிலும் பாக்கச் சின்னன், கண்ணுக்குப் பிடிபடாது. சேறு, ஈரச் சாணி, கண்டல் பக்கம், உதுகளிலை பெருகும். விடியப்புறமும் பொழுது படேக்கையும்தான் கடிக்கும். எல்லாக் குதிரைக்கும் ஒண்டும் செய்யாது. சிலதுக்கு ஒரு கடி காணும், உடம்பு முழுக்க அரிக்கும். உங்கடை ஆள் குளிர்ப் பக்கத்திலை வளந்தது. இது கடலேரிக் கரை. அது இதைக் கண்டதில்லை."

"ஊசி இல்லையோ?"

"இருக்கு. இப்ப ஒண்டு போடுறன், அரிப்பு அடங்கட்டும். ஆனா திருப்பித் திருப்பிப் போட ஏலாது. குதிரைக்குக் குளம்பிலை வேறை வருத்தம் வந்திடும். ஊசியிலும் பாக்கக் கடியாமல் பாக்கிறதுதான் வைத்தியம்."

முதலில் ஒயிலை மெல்லிய சவர்க்கார நீரால் மெதுவாகக் கழுவி எடுக்கவேண்டும். தேய்க்கக்கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். புண்ணுக்குத் தான் தரும் களிம்பு. பின்னேரம் ஐந்து மணிக்கு முன் பிறின்சி கொட்டிலுக்குள் போய்விடவேண்டும்; விடிந்து வெயில் ஏறியபிறகே வெளியே வரலாம். அந்தக் கொசு காற்றுக்கு நிற்காது, ஆகவே கொட்டிலில் ஃபான் ஓடவேண்டும். சாணி அன்றன்றைக்கு அள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காது தொடக்கம் வால்வரை, வயிற்றையும் மூடி, மெல்லிய நெருக்கமான துணியில் ஒரு போர்வை.

"நுளம்பு வலை?"

"வலைக்குள்ளாலை வந்திடும். வேட்டித் துணி மாதிரி வேணும்."

அவள் எழுந்து பையை மூடினாள். மூடியபிறகும் உடனே போகவில்லை.

"அண்ணை, மூண்டு கிழமை பாப்பம். ஒரு பின்னேரமும் தவறக்கூடாது. மூண்டு கிழமையிலை புதுப்புண் வாறது நிண்டால் அது இஞ்சை இருக்கலாம். நிக்காட்டி... திருப்பி மலைநாட்டுக்கு அனுப்புறதுதான் அதுக்கு நீங்கள் செய்யிற நன்மை."

குதிரையை விற்றவரோடு அன்றிரவே கதைத்தான். திருப்பி எடுக்க அவருக்குச் சம்மதம். தை கடைசியில் மரக்கறி லொறியோடு வாகனம் ஒன்று வரும், சொன்னால் ஏற்றிவிடலாம் என்றார். அருள்நேசன் கட்டிலருகே முழந்தாளிட்டான். "பிறின்சியைச் சுகமாக்கும், ஆண்டவரே" என்று கேட்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. "அதை எங்களோடை விட்டுவையும்" என்று கேட்கத்தான் நா எழவில்லை. தன் சோம்பலாலும் முட்டாள்தனத்தாலும் வெந்த மிருகத்தைத் தனக்கே தரச்சொல்லிக் கேட்க அவனுக்கு என்ன முகம்?

நிமலினி தன் கட்டில் விரிப்புகள் நான்கை எடுத்து ஒட்டித் தைத்தாள். ஃபானையும் அவளே தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். "மனுசருக்கு வேர்க்குது, மாராணிக்குக் காத்து" என்று முணுமுணுத்தபடிதான் வைத்தாள். ஆனால் முகத்துக்கு நேரே வீசாமல் திருப்பி வைத்தாள்.

விரிப்புப் போர்வை ஒரு இரவுகூடத் தாக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் நிற்காமல் சரிந்து, முன்காலுக்குள் சிக்கி, விடியக்காலையில் பிறின்சி அதை மிதித்துக் கிழித்துவிட்டு, கொட்டிலின் பின்பக்க மதிலில் பிடரியைப் போட்டு உரஞ்சிக்கொண்டு நின்றது. மறுநாள் வேறு விதமாகத் தைத்தாள். அதுவும் போயிற்று. தட்டையான துணியால் ஒரு குதிரையை மூடுவது நினைத்த அளவு சின்ன வேலையல்ல.

அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நமசிவாயம் அண்ணையின் வளவு.

நமசிவாயம் தபாற்கந்தோரில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர். அறுபத்தைந்து வயது. பச்சைச் சைவம். தெருமுனை முருகன் கோயிலில் வாகனங்களைப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. மயில், ஆட்டுக்கடா, வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி எழுந்தருளும் மரக்குதிரை எல்லாவற்றையும் தூசு தட்டி, எண்ணெய் பூசி, போர்த்து மூடி வைப்பார். சம்பளம் இல்லாத வேலை.

இரண்டு வருடமாக அவருக்கும் அருள்நேசனுக்கும் கதைபேச்சு இல்லை. காரணம் இலையான், வெறும் ஈ. குதிரைச் சாணிக் குவியலில் பெருகிய இலையான் மதில் தாண்டிப் போய், நமசிவாயம் கோயிலுக்குச் செய்துவைத்த பொங்கலில் இருந்துவிட்டது. அவர் வந்து முறைப்பட்டார். அன்று பகல் முழுவதும் வான் பழுதாகி எரிச்சலில் நின்ற அருள்நேசன், ஒழுங்கையில் நான்கு பேர் கேட்க, "உங்கடை குதிரை சாணி போடாதுதான். மரக்கட்டை என்னத்தைப் போடும்?" என்று சொல்லிவிட்டான். நான்கு பேரும் சிரித்தார்கள். நமசிவாயம் திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போய்ப் படலையைச் சாத்தினார். அதன்பிறகு கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அந்த நமசிவாயம் அருள்நேசனின் படலையில் வந்து நின்றார். குளித்து, திருநீறு பூசி, தோய்த்து உலர்ந்த நீலக்கரை வேட்டி கட்டியிருந்தார்.

"உன்ரை குதிரை என்ரை மதிலை விழுத்தப்போகுது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. அதுக்கு வருத்தம்."

"வருத்தமெண்டு தெரியும். ரெண்டு மாசமாய் நான் தேவாரம் படிக்கேக்கை அங்காலை நிண்டு அது உரஞ்சுற சத்தம் கேக்குது. நான்தான் வந்து சொல்லேல்லை." அவர் படலைக்குள் காலை வைத்தார். இரண்டு வருடத்தில் முதல்முறை.

கொட்டிலுக்குப் பத்தடி தள்ளியே நின்று பார்த்தார். உயிருள்ள குதிரையென்றால் அவருக்குப் பயம். தரையில் கிழிந்து கிடந்த விரிப்பையும், பிடரியின் பச்சைப் புண்ணையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

"மதில் கட்டித்தரச் சொல்லிக் கடிதம் வரும் பாருங்கோ" என்றாள் நிமலினி. "தபாற்கந்தோர் ஆள். பதிவுத் தபாலிலைதான் வரும்."

கடிதம் வரவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு அவரே வந்தார். கக்கத்தில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று.

"இந்தா. மரக்குதிரைக்குப் போடுற போர்வை. கழுத்துக்கு வேறை, முதுகுக்கு வேறை, அளவெடுத்து வெட்டித் தைச்சது. சரியாது."

அருள்நேசன் கையை நீட்டவில்லை. "அண்ணை, இது கோயில் சாமான்."

"தூசு படாமல் மூடுற துணி. சுவாமிக்குச் சாத்துற பட்டில்லை."

"அப்ப அந்தக் குதிரைக்கு?"

"அதை நான் பாப்பன். அதைக் கொசு கடிக்காது." சொல்லிவிட்டு அவர் துணியை அவன் கையில் திணித்தார். அவர் வாயின் ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பா, பழைய காயமா என்று அருள்நேசனுக்குத் தெரியவில்லை. "ஒண்டு சொல்லுறன். எங்கடை குதிரை எப்பவும் தலையை நிமித்திக்கொண்டு நிக்கும். உன்ரை புல்லுத் தின்னக் குனியோணும். கழுத்தடியிலை கொஞ்சம் தளத்தித் தை. வயித்துக்கு ஒரு துண்டு சேர்."

அன்று நிமலினி தையல் மெசினை முன்வாசலுக்கு இழுத்துப் போட்டாள். கழுத்தைத் தளர்த்தி, வயிற்றுக்கு ஒரு துண்டு கொடுத்து, வாலடிக்கு ஒரு மடிப்பு வைத்துத் தைத்தாள். பொழுது படுவதற்கு முன் பிறின்சிக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெயர் தெரியாத தையற்காரன் எந்தக் காலத்திலோ மரக்குதிரைக்கு வெட்டிய துணி, அந்த மலைநாட்டுப் பெண்குதிரைக்குத் தோளிலும் முதுகிலும் அளவாய்ப் படிந்தது. பிறின்சி குனிந்து புல் தின்றது. சரியவில்லை.

முதல் கிழமை மாற்றம் எதுவும் தெரியவில்லை. அருள்நேசன் காலையில் நாலரைக்கு எழும்பிச் சாணி அள்ளினான். அள்ளியதை முன்புபோல் மதிலடியில் குவிக்காமல் தூரத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு வானிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். வானில் ஏறிய பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய சேற்றை வெட்டி எடுத்து மணல் போட்டான். போர்வையைத் தினமும் தோய்த்து, புண்ணைப் பஞ்சால் ஒற்றி, களிம்பு பூசினான். பூசும்போது பிறின்சி தோலைச் சிலிர்த்து நடுங்கும். ஒவ்வொரு முறையும் அவன் "பொறுத்துக்கொள்ளம்மா" என்பான். அந்தச் சொல்லில் ஒயில் போத்தலுக்கான மன்னிப்பும் சேர்ந்திருந்தது.

இரண்டாம் கிழமையில் ஒரு வியாழக்கிழமை. நிமலினி சபையின் மகளிர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மத்தியானப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, புல்லுக் கட்டு வாங்க அச்சுவேலிக்குப் போன அருள்நேசனின் வான் திரும்பிவரும் வழியில் நின்றுவிட்டது. என்ஜின் பெல்ட் அறுந்துபோயிற்று. நேரம் நாலே முக்கால். தொலைபேசியில் நிமலினி அகப்படவில்லை. கூட்டத்தில் போனை நிறுத்திவைப்பது அவள் வழக்கம். ஒரு பின்னேரமும் தவறக்கூடாது என்று டொக்டர் சொன்னது அவன் நெஞ்சில் ஆணிபோல் நின்றது. கடைசியில் ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஆறேகாலாகிவிட்டது. அதுதான் கொசு கடிக்கும் நேரம். ஒழுங்கையில் ஓடினான்.

வெளியே பிறின்சி இல்லை. கொட்டிலுக்குள் ஃபான் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே போர்வை போட்டபடி பிறின்சி நின்றது. முன்பக்க முடிச்சுகள் மட்டும் வேறுமாதிரி இருந்தன. தேரில் சுவாமியை இறுக்கிக் கட்டுகிறதுபோல் மூன்று சுற்றுச் சுற்றிப் போடப்பட்டிருந்தன. அவிழ்க்க அவனுக்குக் கால்மணி நேரம் எடுத்தது.

மறுநாள் காலை மதிலுக்கு மேலால் கேட்டான். "அண்ணை, நேற்று நீங்களோ?"

"பின்னை ஆர், வைரவரோ?" கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. "அஞ்சு மணியாகியும் அது வெளியிலை நிண்டுகொண்டு என்னைப் பாக்குது. நானும் மதிலாலை அதைப் பாக்கிறன். எவ்வளவு நேரத்துக்கு ரெண்டு பேரும் பாக்கிறது?"

"பயமில்லையோ?"

"பயந்து நடுங்கிக்கொண்டுதான் கட்டினனான். போதாக்குறைக்கு உன்ரை மாராணி என்ரை தோளை நக்கிப்போட்டாள். திருப்பித் தலையிலை தண்ணி வாத்துப்போட்டுக் கோயிலுக்குப் போக, பூசைக்கு மணி அடிச்சு முடிஞ்சுது. ஐயரிட்டைப் பேச்சு." வாளியைக் கிணற்றில் இறக்கியபடி, "இனி வர நேரம் செல்லுமெண்டால் எனக்கு ஒரு கோல் எடு" என்றார்.

அருள்நேசன் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணை, அண்டைக்கு நான் உங்களைச் சொன்னது..."

"வாளி கிணத்துக்குள்ளை விழப்போகுது. பிறகு கதைப்பம்" என்றார் நமசிவாயம். தண்ணீர் அள்ளும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

மூன்றாம் கிழமைத் தொடக்கத்தில் பழைய பொருக்குகள் உதிர்ந்தன. புதிய புண் வரவில்லை. வெளித்துக் கிடந்த பிடரித் தோலில் ஒருநாள் காலை உள்ளங்கையை வைத்தபோது மெல்லக் குத்தியது. குனிந்து பார்த்தான். சவரம் செய்து இரண்டு நாளான தாடைபோல், வெள்ளை வெள்ளையாய்ப் புது மயிர். நிமலினியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மாராணிக்கு இனி என்ரை ஃபான் வேண்டாமோ?" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

சொன்ன நாளில் டொக்டர் கோபிகா வந்தாள். பிடரி, வாலடி, வயிறு, எல்லாம் பார்த்தாள். படம் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் என்ன சொல்லுவாரோ என்று அருள்நேசனும் நிமலினியும் அவள் கையிலிருந்த போனையே பார்த்தார்கள். பதில் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இது முழுக்க மாறிப்போற வருத்தம் இல்லை, அண்ணை. அடுத்த மாரிக்கும் வரும், அதுக்கடுத்த மாரிக்கும் வரும். ஆனா மழை தொடங்க முதலே நீங்கள் இப்பிடிப் பாக்கத் தொடங்கினால், அது இஞ்சையே இருக்கலாம். மலைநாட்டுக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ." பிறின்சியின் நெற்றியைத் தடவினாள். "நான் தொட்ட மூண்டாவது குதிரை. கடிக்காத முதலாவது குதிரை."

அன்று பின்னேரமே அருள்நேசன் நமசிவாயத்துக்குச் செய்தி சொல்லப் போனான். வீட்டில் அவர் இல்லை, கோயிலில் என்றார்கள். கோயில் வெளி வீதியில் வாகனசாலைக்குப் பக்கமாய்ப் போனான். அங்கும் அவர் இல்லை. கம்பிக் கதவால் எட்டிப் பார்த்தான். மயிலும் கடாவும் தங்கள் தங்கள் போர்வைக்குள் இருந்தன. நடுவில் மரக்குதிரை.

அதன்மேல் இரண்டு வேட்டிகள். ஒன்றை ஒன்றோடு சேர்த்து, பெரிய பெரிய தையலாய், ஒரு ஆண்பிள்ளை ஊசி பிடித்த தையலாய்த் தைத்துப் போர்த்திருந்தது. கழுத்தில் நிற்காமல் சரிந்த துணி சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நீலக்கரை. நல்ல நாளுக்கு நமசிவாயம் கட்டும் வேட்டிகள் அவை. அப்போதுதான் அருள்நேசனுக்கு நினைவு வந்தது. இந்த மூன்று கிழமையும் அவர் இடுப்பில் கண்டது பழுத்துப்போன ஒரே ஒரு வேட்டி. தினமும் காலையில் அது கிணற்றடிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

நமசிவாயத்துக்குச் சொல்லவேண்டிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னான். அவர் "முருகா" என்றார். வேட்டியைப் பற்றி அருள்நேசன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அதை ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஒன்றுமில்லை என்று ஒரு நல்ல மனிதனைச் சொல்லவைப்பதும் ஒரு தொந்தரவுதான்.

பிறின்சியின் போர்வையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அது வெட்டித் தைத்ததாகிவிட்டது. களிம்பும் குதிரை வேர்வையும் ஊறியதாகிவிட்டது. அருள்நேசன் நல்ல தடித்த வெள்ளைப் பருத்தித் துணி வாங்கினான். நிமலினி சேர்த்த துண்டுகளைக் கழித்துப் பழைய போர்வையின் அளவை ஒரு கடதாசியில் கீறிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளித் தைக்கும் தங்கமுத்துவிடம் போனான்.

"என்ன தம்பி, குதிரைக்கோ? மனுசிதான் தைச்சவ எண்டு கேள்விப்பட்டன்."

"இது மற்றக் குதிரைக்கு, அக்கா. கழுத்து நிமிர்ந்து நிக்கிற மாதிரி வையுங்கோ."

"ஓ, ரெண்டாவதும் வாங்கிறியோ!" என்றாள் தங்கமுத்து. இரண்டே நாளில் அருள்நேசன் இன்னொரு குதிரை வாங்குகிறானாம் என்று கொழும்புத்துறை முழுக்கக் கதை பரவிவிட்டது. அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூசை முடிந்து, ஐயர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வெயில் வீதியை வெறுமையாக்கியிருந்தது. நமசிவாயம் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம். அருள்நேசன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினான். வாகனசாலைக் கம்பிக் கதவில் பூட்டு இல்லை. ஒரு கம்பிக் கொளுக்கி மட்டும். அதைத் தூக்குவதற்கு முன் சட்டையையும் கழற்றி மதிலில் போட்டான். பார்க்க அங்கே யாரும் இல்லை. அவன் சபையில் அதைச் செய்யச் சொல்லிக் கற்பித்ததும் இல்லை. ஆனாலும் இது இன்னொருவர் கும்பிடும் இடம்.

சணல் கயிற்றை அவிழ்த்து, வேட்டிகளை எடுத்தான். புதுப் போர்வையை முதலில் தலையால் போட்டு, கழுத்தில் இழுத்து, முதுகில் விரித்து, வாலடிவரை இறக்கினான். மடிப்பு விழுந்த இடங்களைக் கையால் நீவிவிட்டான். எல்லாம் சரியாய் இருந்தபோது, பழக்கத்தில், நடுங்கவேண்டாம் என்று சொல்வதுபோல், மரக்குதிரையின் கழுத்தில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினான்.

பிறகு வாகனசாலை வாசலில் இருந்துகொண்டு, வேட்டிகளை ஒட்டியிருந்த தையலை ஒவ்வொரு நூலாய்ப் பிரித்தான். துணி கிழியாமல் பிரிக்க நேரம் எடுத்தது. இரண்டையும் வெயிலில் உதறித் தூசு போக்கி, சலவைக்காரர் மடிப்பதுபோல் கரை கரையோடு சேர மடித்து, நமசிவாயம் எண்ணெய்ப் போத்தலும் தூசித் துணியும் வைக்கிற தட்டில் வைத்தான். கொளுக்கியை மாட்டினான். சட்டையைப் போட்டுக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விடும் நேரமாகியிருந்தது. ஒழுங்கையில் நிறுத்தியிருந்த வானை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றப் போனான்.